அலமாரிக்குள் ஒரு வயர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் 'லிஃப்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதிர் வீட்டுக் குழந்தை ஒருநாள் ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கிருந்த லிஃப்ட், "கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்" என்று சொன்னதுதான் தாமதம், "அம்மா, எதிர் வீட்டு அக்கா உள்ள மாட்டிக்கிட்டாங்க!" என்று அலறி, ஆஸ்பத்திரியையே கூட்டிவிட்டது. அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. கல்யாணமான புதிதில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில் அறிவிப்புக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். 'பச்சைப் பையை மறந்துவிட்டுச் சென்ற வாடிக்கையாளர் இரண்டாம் தளத்துக்கு வரவும்' என்கிற மாதிரி வேலை. ஒருநாள் கூட்டத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தவறிவிட்டது. அவள் மைக்கைப் பிடித்து, "சிவப்புச் சட்டை போட்ட குழந்தை என்னிடம் இருக்கிறது. அழவில்லை. பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களும் அழாமல், மெதுவாகப் படியிறங்கி வரவும்" என்றாள். ஓடிவந்த தகப்பன் ஒரு ஒலிப்பதிவுக்காரர். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்பது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளிடம் இப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "இங்கதாங்க" என்றாள்.

அதற்கப்புறம் பதினைந்து வருஷங்கள். லிஃப்டுகள், வங்கிகள், கார் நிறுத்துமிடங்கள், தொலைபேசிக் கம்பெனிகள் என்று அவள் குரல் புகாத இடமில்லை. ஊரே அவள் சொன்னபடி விலகி நின்றது, ஒன்றை அழுத்தியது, காத்திருந்தது. வீட்டில் மட்டும் அவள் சொல்லி ஒரு டம்ளர் நகராது.

ஒலிப்பதிவுக்காரர் வெளியூரோடு போய்விட்டார். "இனிமே வீட்டுலேருந்தே பேசுங்க. நீங்க பேசப் பேச நான் இங்க பதிஞ்சுக்கறேன்" என்றார். வேலை கொடுத்தவர்களும் கூடவே லைனில் இருப்பார்கள். 'இன்னும் கொஞ்சம் அன்பா', 'அன்பு போதும், கொஞ்சம் கண்டிப்பா' என்று உப்பு, காரம் சொல்வார்கள்.

வீட்டில் சத்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது? ஹாலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். மகளின் அறைக்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார். கடைசி அறைதான் அமைதி. அதிலும் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி. அதைக் காலி செய்து, நான்கு பக்கமும் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு ஸ்டூல், ஒரு மைக், லேப்டாப், சின்ன விளக்கு எல்லாம் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினால் உலகமே செத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வருவாள்.

இன்டர்நெட் பெட்டி இருந்தது வாசலருகே. அங்கிருந்து கிளம்பும் வைஃபை அலை, சமையலறைச் சுவரைத் தாண்டி, ஃப்ரிட்ஜைத் தாண்டி, குளியலறை டைல்ஸைத் தாண்டி, கடைசியில் அலமாரிக் கதவில் பதித்திருந்த ஆளுயரக் கண்ணாடியையும் தாண்டி வரவேண்டும். வருவதற்குள் அதற்கு நாக்குத் தள்ளிவிடும்.

ஒரு கார் நிறுத்துமிடத்துக்காக, "வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, குழந்தைகள் நிற்கிறார்களா என்று பார்த்து எடுக்கவும்" என்று உருகிச் சொன்னாள். மறுமுனையில் விழுந்தது, "வண்டியை... குழந்தைகள்... பார்த்து எடுக்கவும்."

"என்னம்மா சொல்றீங்க!" என்று பதறினார் நிறுத்துமிடக்காரர்.

மகள் மைக்ரோவேவில் பால் சூடு பண்ணினால் சரியாக இரண்டு நிமிஷம் அம்மாவின் குரல் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினது போலாகிவிடும். பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பால் சூடு பண்ணக்கூடாது, படம் பார்க்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று. "நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டாள் பதினேழு வயது மகள்.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை நடைவழியில் சொருகிப் பார்த்தார்கள். போன் நான்கு கோடு காட்டியது. குரல் மட்டும் ஆற அமர, மறுநாள் வருவது போல வந்தது.

இந்த இடத்தில் அவள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயின்டர். கீழே ஆறு பேரை வைத்து வேலை எடுப்பவர். ஊர் வீட்டுக்கெல்லாம் வண்ணம் அடித்த மனிதர், தன் வீட்டுக்கு அடிக்கப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். போன மாதம்தான் முடித்தார். வெள்ளை என்றால் வெள்ளையில்லை, சந்தனம் என்றால் சந்தனமில்லை, அவரே கலந்த நிறம். வாடிக்கையாளர்களை வீட்டுக்கே அழைத்து வந்து சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார். அவருக்கு வைஃபை மேல் அப்படியொரு மரியாதை.

"காத்துல வருது, காத்துல போகுது. சுவருக்கு ஒரு கீறல் உண்டா? இதுக்கு மேல என்ன வேணும்?"

"வந்து சேரணும்ங்க. அதுதான் வேணும்" என்றாள் லிஃப்ட் அக்கா.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மத்தியானம் இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசியது அவளேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், யாருக்கென்று கேட்காமல் கட்டுக் கட்டாகப் படித்துக் கொடுத்த காகிதங்களில் ஒன்று.

"எங்கள் அலுவலர்கள் அனைவரும் மற்ற வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்."

"பொய் சொல்லாதே" என்றாள் லிஃப்ட் அக்கா.

"மன்னிக்கவும். நீங்கள் சொன்னது புரியவில்லை" என்றாள், அவளும் லிஃப்ட் அக்காதான். "தயவுசெய்து காத்திருக்கவும்."

பக்கத்து அறையில் நகத்திலிருந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த கணவர் குரல் கொடுத்தார். "நான் எதுக்கும்மா காத்திருக்கணும்?"

"உங்களை இல்லைங்க."

"பின்ன யாரை?"

"என்னை."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

பெயின்டர் எழுந்து வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

எதிர்முனைக் குரல், இன்டர்நெட் பெட்டியை அணைத்துவிட்டு, முப்பது எண்ணி, மறுபடி போடச் சொன்னது. போய் அணைத்தாள், எண்ணினாள், போட்டாள். அவ்வளவு அன்பாகச் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்? இருபத்திரண்டு நிமிஷம் கழித்து ஒரு நிஜ மனிதர் லைனுக்கு வந்தார். அதுவரை தன்னையே கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அதே சுதியில், "வணக்கம், எங்கள் இணைப்பில்..." என்று ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, லைன் குழம்பிப் போச்சு. ரெக்கார்டிங் என் பக்கமே வந்து விழுது" என்று அந்த ஆள் யாரிடமோ சொல்லிவிட்டுத் துண்டித்துவிட்டார்.

மறுபடி கூப்பிடத் தெம்பில்லை. மறுபடியும் அவளேதானே எடுப்பாள்!

கீழ் வீட்டுப் பல் டாக்டர்தான் வயர் போடும் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். தன் கிளினிக்கில் எக்ஸ்-ரே படம் கணினிக்கு வராமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாகவும், அவள் வந்து வயர் போட்ட பிறகு நோயாளி வாயை மூடுவதற்குள் படம் வந்துவிடுவதாகவும் சொன்னார். மறுநாளே அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். தோளில் நீல வயர்ச் சுருள், காதில் பென்சில். பெயின்டர் அவளைப் பார்த்ததுமே, "வா தங்கச்சி, சுவர்ப் பக்கம் சாயாம உக்காரு" என்றார்.

"அக்கா, எங்க உக்காந்து வேலை பாப்பீங்க?" என்று கேட்டாள் வயர் போடும் பெண்.

லிஃப்ட் அக்கா அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"இதுக்குள்ளயா?"

அவள் போனோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்தச் சொன்னாள். உள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு கோடு. திறங்க... மூணு. சாத்துங்க... ஒண்ணு." வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள். "இதுக்குப் பின்னாடி ஒரு பூச்சு பூசியிருப்பாங்க அக்கா. உங்க முகத்தைத் திருப்பி அனுப்பற மாதிரியே சிக்னலையும் திருப்பி அனுப்பிடும்."

"அப்போ நடைவழியில சொருகினோமே, அந்தப் பெட்டி?"

"அதுக்கே அரை உயிராத்தானே வந்து சேருது? அது அரை உயிரைத்தான் உங்களுக்கும் கொடுக்கும்."

பெயின்டர் தொண்டையைச் செருமினார். "நல்ல பெரிய வைஃபை பெட்டியா வாங்கி, ரெண்டு மூணு இடத்துல வெச்சுட்டா?"

"வைக்கலாம் அண்ணா. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே இருக்கும். படம் பாக்கறதுக்கு அது தாராளம். நடுவுல ஒரு நொடி நின்னா நீங்க கொட்டாவி விட்டுட்டுக் காத்திருப்பீங்க. அக்கா பேச்சுல ஒரு நொடி போச்சுன்னா போனதுதான், அள்ள முடியாது." அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஹாலைச் சுட்டினாள். "நீங்க போனைக் காதுல வெச்சுக்கிட்டு வீடு பூரா நடக்கறீங்க. பாப்பா படுத்துக்கிட்டே பாக்குது. உங்களுக்கெல்லாம் வயர் கட்டினா, மாட்டைத் தும்புல கட்டின கதையாயிடும். வைஃபையே இருக்கட்டும். ஆனா அக்கா மணிக்கணக்கா ஒரே ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. நகராத ஆளுக்கு எதுக்கு அண்ணா காத்துல அனுப்பணும்?"

"ஓட்டை போடணுமா?" பெயின்டருக்கு அதுதான் கேள்வி.

"ரெண்டே ரெண்டு. சமையலறைச் சுவர்ல ஒண்ணு, அலமாரி முதுகுல ஒண்ணு. சுண்டுவிரல் அளவு."

"இந்தச் சுவர்ல ஓட்டை போடறதும் என் மூக்குல ஓட்டை போடறதும் ஒண்ணு."

"மூக்குல ஏற்கெனவே ரெண்டு இருக்கே அண்ணா."

மகள் சிரித்ததில் பால் புரையேறிவிட்டது. பெயின்டர் சிரிக்கவில்லை. கடைசியில் வயர் போடும் பெண்ணே ஒரு வழி சொன்னாள். சுவரைத் தொடாமல், தரையிலேயே நீளமாக வயரை ஓட்டிவிட்டுப் போகிறேன், நாலு நாள் இருக்கட்டும், பிடிக்கவில்லையென்றால் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள்.

அன்று மாலையே ஒலிப்பதிவுக்காரர், "இன்னிக்கு என்ன, பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு சொல் உதிரவில்லை, ஒரு மூச்சு அறுபடவில்லை. லிஃப்ட் அக்கா அலமாரிக்குள் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

ஆனால் தரையில் கிடக்கும் வயர் சும்மா கிடக்குமா? சமையலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. துடைப்பம் மாட்டியது. பெயின்டர் முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை தடுக்கினார். மூன்றாம் நாள் அவருடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சுவர் நிறம் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டு நடுவில் வயர் நீலப் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்ததைப் பெயின்டர் பார்த்தார். பெட்டியிலிருந்து பிடுங்கி, ஹாலில் கிடந்த மட்டும் அழகாகச் சுருட்டி, சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். அலமாரிக்குள் மனைவி இருப்பது அவருக்கு நினைவில்லை. அலமாரி வழக்கம்போல அமைதியாகத்தான் இருந்தது.

உள்ளே அவள் ஒரு புது ஆஸ்பத்திரிக்காக நானூற்றுப் பன்னிரண்டு வரிகளில் நூற்று எழுபதாவது வரியில் இருந்தாள். வரி இது: "பதற்றப்பட வேண்டாம். அருகிலுள்ள வாசல் வழியாக வெளியேறவும்." லைனில் இருந்த நான்கு பேருக்கும் கேட்டது "பதற்றப்பட" மட்டும்தான். பிறகு ஒன்றுமேயில்லை. அவர்கள் சொன்னபடியே பதற்றப்பட்டார்கள். தீ கீ பிடித்துவிட்டதோ என்று ஒலிப்பதிவுக்காரர் அவள் போனுக்கு அடித்துத் தீர்த்தார்.

லிஃப்ட் அக்கா அலமாரியிலிருந்து வெளியே வந்தாள். ஹாலில் வாடிக்கையாளர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். சோபாவுக்கு அடியில் நீல நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் சத்தம் போடவில்லை. கணவரைப் பார்த்து, பல்லாயிரம் பேர் கேட்ட அந்தக் குரலில் சொன்னாள்: "தங்கள் செயல் பதிவு செய்யப்பட்டுள்ளது."

வாடிக்கையாளர் அனிச்சையாக ஓரடி விலகி நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் வீட்டில் வேறு குரலில் பேசவே இல்லை.

"உணவு மேசையில் வைக்கப்பட்டுள்ளது. சூடு ஆறுமுன் உட்கொள்ளவும்."

"ஏம்மா, என்னம்மா இது?"

"மன்னிக்கவும். தாங்கள் கூறியது புரியவில்லை."

"நான் வேணும்னு பண்ணலையே!"

"ஒரு ஜோடி காலுறைகள் குளியலறை வாசலில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. உரிமையாளர் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்."

மகளுக்குக் கொண்டாட்டம். "அப்பா, மன்னிப்புக் கேட்க ஒண்ணை அழுத்துங்க. சாக்குச் சொல்ல ரெண்டை அழுத்துங்க" என்று தூபம் போட்டாள்.

வாழ்க்கையில் அவர் எத்தனையோ திட்டு வாங்கியவர். பெயின்ட் டப்பாவைக் கட்டிலில் வைத்ததற்கு, மாமியார் வீட்டு விசேஷத்தை மறந்ததற்கு என்று எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவர். இந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சரணடைந்தார்.

"அம்மா தாயே, திட்டணும்னா திட்டிடு. வாய் நிறையத் திட்டு. இந்தக் குரல்ல மட்டும் பேசாதே. என் வீட்டுலயே நான் டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"தங்கள் கோரிக்கை..." என்று ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கோபமும் வந்தது. பிறகு ஒரு கால் மணி நேரம், சொந்தக் குரலில், மூச்சு விடாமல் திட்டினாள். கேட்கக் கேட்க அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"ஒரு தடவை உள்ள உக்காந்து பாருங்க. அப்புறம் பேசுங்க" என்று முடித்தாள்.

அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தினாள். கம்பளியின் வெக்கை முகத்தில் அடித்தது. சின்ன வெளிச்சத்தில் அவளுடைய காகிதங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று. 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. பக்கத்தில் 'மெதுவா, பயந்தவங்க கேக்கறாங்க' என்று எழுதியிருந்தாள். ஐந்து நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"இதுக்குள்ளயா இத்தனை நாளா உக்காந்திருந்தே?" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயர் போடும் பெண்ணுக்கு அவரே போன் செய்தார்.

ஆனால் துளை போடும் இடத்தை அந்தப் பெண்ணைக் காட்ட விடவில்லை. சுவரை விரல் மடக்கித் தட்டித் தட்டிப் பார்த்து, "இங்க போடு தங்கச்சி. இது செங்கல் மூட்டு, சிதறாது" என்றார். அவள் டிரில்லை வைத்ததும், காகிதத்தைத் தொன்னை மாதிரி மடக்கி, விழும் தூளை ஒரு பொட்டு சிந்தாமல் ஏந்திக்கொண்டார். டிரில் கத்திய நேரம் முழுக்கக் கண்ணை இறுக மூடியிருந்தார் என்று மகள் சொல்கிறாள். அவர் மறுக்கிறார்.

சுவரும் கூரையும் சேரும் மூலையோடு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் பதித்து, அதற்குள் வயரை விட்டாள் அந்தப் பெண். "பட்டைக்கு எவ்வளவு வேணா அடிச்சுக்கோங்க அண்ணா. சொருகற வாய்க்குள்ள மட்டும் பெயின்ட் போச்சு, என்கிட்ட பேசக்கூடாது" என்று எச்சரித்துவிட்டுப் போனாள். அவர் அதே நிறத்தில் மூன்று பூச்சுப் பூசினார். முடிந்ததும் தூர நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார். அவருக்கே பட்டை எங்கே என்று கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலை மறுபடி தொடங்கியது. நூற்று எழுபதாவது வரி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. "என் காதுலயே உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றார் ஒலிப்பதிவுக்காரர். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கினார். "ஆனா பின்னாடி யாரோ முனகறாங்களே. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

லிஃப்ட் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கும் கேட்டது.

"அது என் வயிறுங்க" என்றாள். "காலையில சாப்பிடலை."

லைனில் இருந்த நான்கு பேரும் அவளும் சிரித்து ஓய்ந்ததும் இடைவேளை விட்டார்கள். இத்தனை நாளும் வைஃபை அறுத்து அறுத்து அனுப்பியதில் வயிற்றின் சத்தமும் பாதி வழியில் விழுந்திருக்க வேண்டும். இப்போது அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறாள். சத்தம் போடும் வளையலைக் கழற்றிவிடுகிறாள். மகள் எந்த நேரத்திலும் பால் சூடு பண்ணலாம், சோபாவில் புரண்டபடி எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பெயின்டருக்கும் வயர் போடும் பெண்ணுக்கும் இப்போது தொழில் கூட்டு. புது வீட்டில் வேலை எடுத்தால், பூச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே அவளை வரவழைத்துவிடுகிறார். அடித்த சுவரில் ஓட்டை போடும் பாவம் வேண்டாம் பாருங்கள். நிற அட்டையை விரிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியே, "உங்க வீட்டுல யாரு ஒரே இடத்துல உக்காந்து வேலை பாக்கறது?" என்பதுதான்.

போன வாரம் ஒரு வீட்டுக்காரர் இதற்கு வெகுநேரம் யோசித்தாராம்.

"ஒரே இடத்துல உக்காந்திருக்கறது எங்க மாமனார்தாங்க. ஆனா அவர் வேலை எதுவும் பாக்கறதில்லையே!"